எவாஞ்சலின் நிறுத்திய ஆட்டம்

எவாஞ்சலினை அவளுடைய அம்மா லூசி தேக்வாண்டோ வகுப்பில் சேர்த்தது, மகள் சண்டை கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக அல்ல. லூசி டெல்லியில் ஓர் அரசு மருத்துவமனையில் நர்ஸ். சொந்த ஊர் மார்த்தாண்டம். கணவர் ராணுவத்தில் இருந்ததால் வருடத்தில் பெரும்பகுதி வேறு ஊர்களில் கழியும். மதிய ஷிப்டு விழும் வாரங்களில், பள்ளி விட்ட பிறகு பிள்ளையை யாரிடம் விடுவது என்பதுதான் லூசியின் கவலை. பள்ளியில் மாலையில் நடந்த வகுப்புகளிலேயே அதிக நேரம் ஓடியது தேக்வாண்டோ. டான்ஸ் சீக்கிரம் முடிந்துவிடும். ஆகவே தேக்வாண்டோ.

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸின் கொடியில் அந்த வெள்ளைச் சீருடை காய்ந்தபோது, அக்கம்பக்கத்தவர்கள் அதுவும் ஆஸ்பத்திரி உடுப்பு என்றே நினைத்தார்கள்.

பன்னிரண்டு வயதுக்குள் எவாஞ்சலினுக்கு ஓர் உதை நன்றாகப் படிந்துவிட்டது. மற்றவை சுமார்தான். பின்னால் ஊன்றியிருக்கும் வலது காலை முழங்கால் மடங்கிய நிலையில் முன்னே கொண்டுவந்து, இடுப்பைத் திருப்பி, கடைசியில் முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும் சாட்டைபோலச் சொடுக்க வேண்டும். எதிராளியின் மார்புக் கவசத்தில் போய் அறைவது புறங்கால். சரியாகப் பட்டால் ஈரத் துணியைக் கல்லில் ஓங்கி அடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். அப்போதெல்லாம் மூலைகளில் உட்கார்ந்திருக்கும் நடுவர்கள் கையிலிருக்கும் பொத்தானை அமுக்கித்தான் புள்ளி தருவார்கள். சத்தம் கேட்டால் விரல் தானாக அமுங்கும். எவாஞ்சலினுக்குப் பதக்கங்கள் வரத் தொடங்கின.

லூசி ஒரே ஒரு போட்டிக்குத்தான் வந்தாள். பாதியிலேயே மகளைக் கூப்பிட்டாள்.

“எதுக்கு மக்ளே அந்தப் பிள்ளைய இப்பிடி அடிக்க? அதுக்கும் ஒரு அம்மா உண்டும்லா?”

“செஸ்ட் கார்டு போட்டிருக்காம்மா. வலிக்காது.”

“வலிக்காதுன்னா பின்ன எதுக்கு அடிக்க?”

எவாஞ்சலின் கவசத்தின் கயிற்றை இறுக்கிக்கொண்டாள். அடுத்த ஆட்டத்துக்குப் பெயர் கூப்பிட்டதால் போய்விட்டாள்.

அவள் கல்லூரியில் படிக்கும்போது எலெக்ட்ரானிக் கவசம் வந்தது. கவசத்துக்குள் சென்சார், காலுறையிலும் சென்சார். இரண்டும் போதிய அழுத்தத்தில் தொட்டால் திரையில் எண் தானாக ஏறும். சத்தத்துக்கு மதிப்பில்லாமல் போயிற்று. முன்காலைத் தூக்கிய தூக்கில் கீழே வைக்காமல், ஒற்றைக் காலில் தத்தியபடி, எதிராளியின் கவசத்தைத் தட்டித் தட்டிப் புள்ளி எடுக்கும் ஆட்டம் பரவியது. எவாஞ்சலின் பின்காலை எடுத்துச் சுழற்றி முடிப்பதற்குள் அந்த முன்கால் அவள் வயிற்றில் இரண்டு முறை பட்டுவிடும்.

அவளோடு அதே அணியில் இருந்த பிரதீப் ஒரே பருவத்தில் தன் ஆட்டத்தை மாற்றிக்கொண்டான். சேலத்துக் குடும்பம், அப்பாவுக்கு மத்திய அரசு வேலை. அவளுக்கும் சொல்லிப் பார்த்தான்.

“காலிங் பெல் அமுக்குற மாதிரி அமுக்கிட்டே இரு எவா. அவ்ளோதான் இப்ப கேம்.”

“பெல் அமுக்கவா நான் இத்தன வருஷம் கால் தூக்கினேன்?”

மாநில அணித் தேர்வுப் போட்டியில் தன்னைவிட இளையவளான ஒருத்தியிடம் தோற்றாள். அந்தப் பெண்ணின் உதைகளில் ஒன்றுகூட அவளுக்கு வலிக்கவில்லை. திரையில் பெரிய வித்தியாசம். அன்று கவசத்தைக் கழற்றி வைத்தவள் மறுபடி போட்டிக்கு இறங்கவில்லை. விளையாட்டைவிட்டு முழுக்கப் போகவும் மனம் வரவில்லை. நடுவர் தேர்வு எழுதித் தேறினாள். உடற்கல்விப் பட்டம் வாங்கி, மயூர் விஹாரில் ஒரு தமிழ்ப் பள்ளியில் பி.டி. டீச்சராகச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆராதனை முடிந்ததும் எங்காவது ஒரு ஸ்டேடியத்தில் நடுவராக நிற்பாள்.

இருபத்தாறு வயதில் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஜெரால்டு, தூத்துக்குடிக்காரர், டெல்லியில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை. ஊரில் சின்ன வயதிலிருந்து கராத்தே பழகியவர் என்று தரகர் ஏதோ உப தகவலாகச் சொல்லியிருந்தார். பெரியவர்கள் இருவரையும் பால்கனிக்கு அனுப்பிவைத்தார்கள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கீழே நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தேக்வாண்டோன்னு சொன்னாங்க,” என்றார் ஜெரால்டு.

“ஹான். நீங்க கராத்தே.”

“சுத்தி அடிக்கிற கிக்கு இருக்குல்லா, அத எதால அடிப்பீங்க?”

“புறங்கால்ல. நீங்க?”

“எங்க மாஸ்டரு பழைய ஆளு. விரலப் பின்னால இழுத்துட்டு முன்பாதத்தால அடிக்கச் சொல்லுவாரு. இந்தா, இந்த மேடு.”

“விரல் ஒடஞ்சிடாதா?”

“இழுக்கத் தெரியலேன்னா ஒடையும்.”

அவர் ஷூவைக் கழற்றிவிட்டுச் செய்து காட்டினார். எவாஞ்சலின் கவனித்தது அந்தக் கால் போன விதத்தையல்ல, திரும்பி வந்த விதத்தை. முழங்கால் உயர்ந்தது, கால் நீண்டது, நீண்ட வேகத்திலேயே மறுபடி மடங்கியது, அதற்குப் பிறகுதான் தரையைத் தொட்டது. பிறகு அவள் தன் உதையைச் செய்து காட்டினாள். துப்பட்டா கொடிக்கம்பியில் சிக்கிக்கொண்டது.

“நல்ல வேகம்,” என்றார் ஜெரால்டு. “ஆனா அடிச்ச பொறவு காலு எங்க போகுதுன்னு நீங்க கவலையே படல. எவனாவது புடிச்சா?”

“எங்க ரூல்ல பிடிக்கக் கூடாது.”

“அந்த ரூலு அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்லா?”

சமையலறை ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த லூசி, காபித் தம்ளர்களை மறுபடி நிரப்பினாள். அந்த வருடமே கல்யாணம் முடிந்தது.

மயூர் விஹாரில் ஒரு கூட்டுறவு சங்கக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்தார்கள். ஹாலில் ஒரு பழைய மெத்தையைச் சுருட்டிக் கட்டிச் சுவரில் சாய்த்து வைத்திருப்பார்கள். விருந்தினர்கள் அதைப் பார்த்து, ஊரிலிருந்து யாரோ வந்திருப்பதாக நினைப்பார்கள். ஜெரால்டு அடித்தால் மெத்தையில் ஒரே இடத்தில் குழி விழும். எவாஞ்சலின் அடித்தால் சத்தம் கீழ்த்தளம்வரை கேட்கும், குழி விழாது. எது நல்ல உதை என்ற வாக்குவாதம் அவர்கள் வீட்டில் மற்றவர்கள் வீட்டில் சமையலைப் பற்றி நடப்பதுபோல நடந்தது. கோபம் கிடையாது, முடிவும் கிடையாது. மகள் பிறந்தபின் சில காலம் மெத்தை பரணுக்குப் போயிற்று.

மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருடம், உடன் வேலை செய்த ஒரு டீச்சரைப் பார்க்க எவாஞ்சலின் முனிர்காவுக்குப் போனாள். திரும்பும்போது ஒரு சந்தில் மாடியிலிருந்து சத்தம் கேட்டது. உதைக்கிற சத்தம்தான். ஆனால் அவளுக்குப் பழக்கமான அறைச்சலாக இல்லை. அரிசி மூட்டையை லாரியிலிருந்து தள்ளிவிட்டதுபோல் கனமாகத் தொப்பென்று விழுந்தது. படியேறிப் போய்ப் பார்த்தாள். முவே தாய் என்ற தாய்லாந்துச் சண்டைப் பயிற்சி அங்கே நடந்துகொண்டிருந்தது. நடத்தியவர் மாவியா; மிசோரம்காரர், தாய்லாந்திலேயே சில காலம் தங்கிக் கற்றவர்.

தான் தேக்வாண்டோவில் கறுப்பு பெல்ட் என்று அவள் சொன்னதும் மாவியா இரண்டு கைகளிலும் உதை வாங்கும் தடித்த பேடுகளை மாட்டிக்கொண்டு நின்றார். அவள் அடித்தாள். சத்தம் அருமையாக எழுந்தது. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாவியா தலையசைத்துவிட்டு, பேடுகளைக் கழற்றிவைத்து, இப்போது விளையாட்டாக ஆடலாம் என்றார். அவள் பழக்கப்படி பக்கவாட்டில் திரும்பி நின்றாள். அடுத்த கணம் அவருடைய கீழ்க்கால் எலும்பு அவளது முன்கால் தொடையின் வெளிப்புறத்தில் வந்து விழுந்தது. ஓங்கி அடித்த அடியல்ல. அவளுக்கு முதலில் வலிகூடத் தெரியவில்லை. முன்னால் எட்டு வைக்கப் போனபோதுதான் அந்தக் கால் அவள் சொன்னதைக் கேட்கவில்லை.

“தேக்கோ, பார்,” என்றார் மாவியா. அவர் பேசியது இந்தியில். “நீ என் நெஞ்சையும் தலையையும் பார்க்கிறாய். நான் உன் காலைப் பார்க்கிறேன். உனக்கு அது அடிக்கிற சாமான். எனக்கு அது அடி வாங்குகிற சாமான்.”

அன்று மெட்ரோ நிலையத்தில் எஸ்கலேட்டர் ஓடவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாகப் படி இறங்கினாள். தேக்வாண்டோவில் இடுப்புக்குக் கீழே உதைப்பது தப்பு. இருபது வருடமாக அவள் தொடையில் யாரும் உதைத்ததில்லை. அதனால் தொடையைக் காக்க வேண்டும் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்த நினைப்பு வலியைவிட அதிகமாக அவளைத் தொந்தரவு செய்தது. அடுத்த சனிக்கிழமை மறுபடி போனாள்.

புதிய உதையைக் கற்பதைவிடப் பழைய உதையைக் காலிலிருந்து இறக்குவது கஷ்டமாக இருந்தது. முவே தாயில் சொடுக்கு கூடாது. கால் முழுவதும் ஒரே கட்டையாக இடுப்பிலிருந்து சுழன்று வர வேண்டும். ஊன்றிய காலின் குதிகால் எழும்பி, எதிராளியின் பக்கம் திரும்பிவிட வேண்டும். உதைக்கும் பக்கத்துக் கை பின்னால் வீசி இறங்க வேண்டும். பட வேண்டியது புறங்கால் அல்ல, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஓடும் எலும்பு. அடிபட்ட இடத்தோடு நின்றுவிடாமல் அதையும் தாண்டிப் போகிற நினைப்போடு அடிக்க வேண்டும். இலக்கு விலகிவிட்டால் அடித்தவரே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவார். எவாஞ்சலின் அப்படிச் சுற்றிப் போய்ச் சுவரில் மோதியிருக்கிறாள். தடுப்பதற்கும் கால்தான்: எதிராளியின் உதை வரும்போது முழங்காலைத் தூக்கி எலும்புக்கு எலும்பைக் கொடுக்க வேண்டும். அதில் இருவருக்கும் வலிக்கும். அடித்தவருக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாக.

வீட்டில் மெத்தை மறுபடி பரணிலிருந்து இறங்கியது.

“இது என்ன கிக்கு? அருவாள வீசுத மாதிரில்லா இருக்கு,” என்றார் ஜெரால்டு.

“அடிச்சுப் பாருங்க.”

அவர் கீழ்க்கால் எலும்பால் ஒரு தடவை அடித்தார். மெத்தை நடுவில் மடிந்தது. முகத்தில் ஆச்சரியத்தைக் காட்டாமல் இரண்டாவது தடவை இன்னும் வேகமாக அடித்தார். மெத்தை விலகிக்கொள்ள, கால் பக்கத்தில் கிடந்த கட்டில் சட்டத்தில் போய் இடித்தது. மறுநாள் ஆபீசில் கேட்டவர்களிடம், வீட்டுப் பாத்ரூமில் வழுக்கிவிட்டதாகச் சொன்னார். ஆனாலும் தன் கட்சியை விடவில்லை. “ஒங்க ஆளு அடிச்சா காலு திரும்பி வர நேரமாகுது. எங்க ஆளு அதுக்குள்ள உள்ள வந்திருவான்,” என்பார். அதிலும் உண்மை இருப்பது எவாஞ்சலினுக்குத் தெரியும். மாவியாவிடம் கேட்டபோது, அப்படி உள்ளே வருகிறவனைத் தடுக்கத்தான் வயிற்றில் பாதத்தை வைத்துத் தள்ளும் உதை தங்களிடம் இருக்கிறது என்றார். ஜெரால்டிடம் வந்து சொன்னாள். அதற்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது.

இப்படி மூன்று பாணிகளின் விதிகளும் அவளுக்கு அத்துப்படி என்று வட்டாரத்தில் பெயராகிவிட்டது. கிழக்கு டெல்லியில் ஒரு கிளப் எல்லாப் பாணிக்காரர்களுக்கும் பொதுவாக ஓர் ஓபன் போட்டி நடத்த முடிவு செய்தபோது, கிளப் தலைவர் சேஷன் அவளை நடுவராக அழைத்தார். சேஷன் ஓய்வு பெற்ற அதிகாரி, பழைய கராத்தேக்காரர். விதிகளை வகுக்க ஒரு கூட்டம் போட்டார்கள். தலையில் பட்டால் எத்தனை புள்ளி, தொட்டால் போதுமா அடிக்க வேண்டுமா என்று எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு, எவாஞ்சலின் தொடை உதைக்கு வந்தாள்.

“லெக் கிக் அலவ் பண்றீங்க. சரி. ஆனா கால்ல அடிவாங்கி ஒருத்தர் ஒழுங்கா நிக்க முடியலன்னா, தலையில அடிபட்டவங்களுக்கு எண்ணுற மாதிரி ஆட்டத்த நிறுத்தி எட்டு வரை எண்ணணும், அதுக்குள்ள தேறுறாங்களான்னு பாக்கணும். ரெண்டு தடவை எண்ணினா ஆட்டம் முடிஞ்சதுன்னு வைக்கணும்.”

“கால் அடிக்கெல்லாம் எண்ணினா பாக்கறவாளுக்கு ஒண்ணும் புரியாதும்மா,” என்றார் சேஷன். “ரெஃப்ரி பாத்து நிறுத்தட்டும். போதும்.”

“இன்னொண்ணு சார். நான் மாவியா ஜிம்ல ப்ராக்டிஸ் பண்றேன். அவங்க ஆட்டத்துல என்னப் போடாதீங்க.”

“அச்சா, அச்சா. பாத்துக்கலாம்.”

போட்டி பிப்ரவரியில் நடந்தது. பெண்கள் பிரிவு இறுதி ஆட்டத்துக்கு வந்தவர்கள் இருவர். ஒருத்தி ரெமி, மாவியாவின் ஜிம்மில் பயிற்சி எடுக்கும் மிசோ பெண், பகலில் ஒரு கடையில் வேலை. மற்றவள் ஜ்யோத்ஸ்னா, டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், எம்.ஏ. மாணவி, தேக்வாண்டோ. அவளுடைய கோச் பிரதீப். இந்த ஆட்டத்துக்கு நிற்க வேண்டிய நடுவர் காலையிலேயே ஓர் ஆட்டத்தில் இடையில் புகுந்து விலக்கியபோது கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டார். சேஷன் எவாஞ்சலினிடம் வந்தார்.

“நான்தான் சொன்னேனே சார்.”

“எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஒன்னவிட்டா மூணு ரூலும் தெரிஞ்சவா யாரும்மா இருக்கா? பிரதீப்பும் ஒன் ஃப்ரெண்டுதானே?”

அவள் பிரதீப்பைப் பார்த்தாள். அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவள் நின்றாள்.

முதல் சுற்றில் ஜ்யோத்ஸ்னா ஆடியதை அங்கிருந்தவர்கள் நெடுநாள் பேசினார்கள். ரெமி நெருங்கும் ஒவ்வொரு முறையும் அந்த முன்கால் எழும்பி அவளை நிறுத்தியது. ஒரு முறை வயிற்றில் வைத்த காலைக் கீழே இறக்காமலே அப்படியே உயர்த்தித் தலையிலும் தட்டினாள் ஜ்யோத்ஸ்னா. அரங்கம் ஆர்ப்பரித்தது. ரெமி புள்ளிகளில் வெகுவாகப் பின்தங்கினாள்.

இரண்டாவது சுற்றில் ரெமி தலையையும் வயிற்றையும் விட்டுவிட்டாள். ஜ்யோத்ஸ்னாவின் முன்கால் தரையில் இறங்கும் தருணத்துக்காகக் காத்திருந்து, அதே தொடையில், அதே இடத்தில் அடித்தாள். பார்ப்பதற்கு அது பெரிய அடியாகத் தெரியாது. கைதட்டலும் இல்லை. ஜ்யோத்ஸ்னா ஒவ்வொரு அடிக்கும் சிரித்தாள். நிறைய பேர் அப்படித்தான், வலித்தால் சிரிப்பார்கள். எவாஞ்சலின் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, குதிகாலைப் பார்த்தாள். இடது குதிகால் தரையில் படவில்லை. பிறகு ஜ்யோத்ஸ்னா கால் மாற்றி, வலது காலை முன்னால் வைத்து நின்றாள். அந்த நிலையில் உதைக்கப் போனபோது ஊன்றிய இடது கால் தாங்காமல், யாரும் தொடாமலே சரிந்து விழுந்தாள். எழுந்துவிட்டாள்.

“ஓகேயா?” என்றாள் எவாஞ்சலின்.

“ஓகே மேம். ஓகே.”

ஆட்டம் தொடர்ந்தது. ரெமி மறுபடி வந்தாள். ஜ்யோத்ஸ்னா அந்த உதை வருவதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை எவாஞ்சலினும் பார்த்தாள். ஜ்யோத்ஸ்னாவின் உடம்பு விலக முனைந்தது, கால் அசையவில்லை. அடி விழுவதற்கு முன்பே எவாஞ்சலின் நடுவில் பாய்ந்து, ரெமியின் உதையைத் தன் இடுப்பில் வாங்கிக்கொண்டு, இரு கைகளையும் விரித்து ஆட்டத்தை நிறுத்தினாள். நடுவர் அப்படி நிறுத்தினால் தொடர முடியாதவர் தோற்றதாகக் கணக்கு: வெற்றி ரெமிக்கு.

திரையில் ஜ்யோத்ஸ்னாதான் முன்னணியில் இருந்தாள். அரங்கம் புரியாமல் கூச்சலிட்டது. பிரதீப் தடுப்பைத் தாண்டி வந்தான்.

“என்ன பண்ணிட்டு இருக்க நீ? லீடிங்ல இருக்கா. நின்னுட்டு இருக்கா. எதுக்கு நிறுத்தின?”

“கால் போச்சு பிரதீப்.”

“எந்தக் கால் போச்சு? பாரு, நிக்கிறா. ரவுண்டு முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். ஓடியே ஓட்டியிருப்பா.”

“ஓட முடியாது. அதான் நிறுத்தினேன்.”

“உன் ஜிம்முக்காரி ஜெயிக்கணும்னு நிறுத்தின. அப்படிச் சொல்லு.”

அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் யாரும் நம்பக் காரணம் இல்லை என்பது அந்த நொடியில்தான் அவளுக்கு முழுசாக உறைத்தது. சேஷன் அவளை ஓரமாக அழைத்து, ஆட்டத்தை டிரா என்று அறிவித்துவிடலாமா என்று கேட்டார்.

“நிறுத்தினது நிறுத்தினதுதான் சார். மாத்த மாட்டேன். ஆனா என்ன நிக்க வச்சிருக்கக் கூடாது. நானும் நின்னிருக்கக் கூடாது. அத வேணும்னா மைக்ல சொல்லுங்க.”

சேஷன் மைக்கில் எதுவும் சொல்லவில்லை.

டாக்டர் பார்த்துவிட்டுத் தொடைத் தசையில் பலமான அடி, எலும்பில் ஒன்றுமில்லை என்றார். ஆட்டத்தைத் தொடர்ந்திருக்க முடியுமா என்று பிரதீப் கேட்டதற்கு, முடிந்தும் இருக்கலாம், முடியாமலும் போயிருக்கலாம் என்றார். அதோடு அந்த விஷயத்தில் தீர்ப்பு சொல்ல வேறு யாரும் இல்லை. ஜ்யோத்ஸ்னா பத்து நாளைக்குள் வழக்கம்போல் நடந்தாள். எவாஞ்சலின் செய்தது சரி என்று நிரூபிக்கும்படி எதுவும் நடக்கவில்லை.

ஆட்டத்தின் வீடியோ பரவியது. அவள் ரெமியோடு ஜிம்மில் எடுத்துக்கொண்ட ஒரு பழைய போட்டோவை யாரோ தேடிப் பிடித்துப் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். சர்ச் வாட்ஸப் குழு வழியாக அது லூசிக்கும் போனது. ஓய்வு பெற்று மகளோடு வந்துவிட்டிருந்த லூசி, கண்ணாடி போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை பார்த்தாள்.

“அந்தப் பிள்ளைக்கு வலிச்சுதா மக்ளே?”

“வலிச்சிருக்கும்மா.”

“அப்பம் நிறுத்தினது நல்லது,” என்று சொல்லிவிட்டு போனைக் கீழே வைத்தாள்.

ஜெரால்டு அவ்வளவு சுலபமாக விடவில்லை. அவரும் அரங்கத்தில் இருந்தவர்.

“நிறுத்தினத நான் தப்புங்கல. ஆனா நீ நின்னது தப்பு. எங்க மாஸ்டரு தம்பி மவன் ஆடினா மாஸ்டரு எந்திரிச்சு வெளிய போயிருவாரு. டீ குடிச்சிட்டு ஆட்டம் முடிஞ்ச பொறவுதான் வருவாரு.”

“தெரியும்.”

“தெரிஞ்சா நின்ன?”

“எனக்கு அந்த ஆட்டத்துல நிக்கணும்னு ஆசையா இருந்துச்சு,” என்றாள் எவாஞ்சலின். “ரெண்டு கிக்கும் எனக்குத் தெரியும். ரெண்டையும் பக்கத்துல நின்னு பாக்கணும்னு இருந்துச்சு. அதான்.”

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு ஜெரால்டே தோசை வார்த்தார்.

அடுத்த சில மாதங்கள் எந்தக் கிளப்பும் அவளை அழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தாள். முனிர்காவுக்கும் போகவில்லை, ரெமியின் வெற்றியை எல்லோரும் தன்னோடு சேர்த்துப் பேசுவது ரெமிக்குத்தான் அவமானம் என்று தோன்றியது. ரெமி ஒரு முறை போன் செய்து, “அக்கா, நான் உண்மையிலேயே ஜெயித்தேனா?” என்று இந்தியில் கேட்டாள். ஜெயித்தாய் என்றாள் எவாஞ்சலின். பிறகு ரெமி, தனக்கே அது சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கோடை விடுமுறைக்கு முந்தைய வாரம், பள்ளி விடும் நேரத்தில் ஜ்யோத்ஸ்னா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவாஞ்சலினைப் பார்த்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தாள்.

“மேம், நான் லீடிங்ல இருந்தேன்.”

“ஆமா.”

“நான் ஓகேன்னு சொன்னேன். நீங்க நம்பல.”

“நம்பல.”

“ஏன்?”

“எனக்கும் ஒரு தடவ அந்த இடத்துல அடி விழுந்துச்சு. என்ன யாராவது கேட்டிருந்தா நானும் ஓகேன்னுதான் சொல்லியிருப்பேன்.”

ஜ்யோத்ஸ்னா தரையைப் பார்த்தாள். பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். “எனக்கு ரெமியோட மறுபடி ஆடணும். டோர்னமென்ட் வேண்டாம். சும்மா, அவங்க ஜிம்ல. பிரதீப் சார் அங்க போகக் கூடாதுங்கிறாரு. நீங்க மாவியா சார்கிட்ட பேசுவீங்களா?”

“எதுக்கு உனக்கு?”

“தோத்தது பரவால்ல மேம். எப்படித் தோத்தேன்னே தெரியாம இருக்கிறதுதான் படிக்கக்கூட விட மாட்டேங்குது.”

எவாஞ்சலின் மாவியாவிடம் பேசினாள். மாவியா சிரித்துவிட்டு, வரச் சொல், ஆனால் முதலில் ஒரு மாதம் இங்கே காலைத் தூக்கித் தடுக்கப் பழகட்டும் என்றார். பிரதீப்பிடம் பேசுவது கடினமாக இருந்தது. முதல் இரண்டு முறை அவன் போனை எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்து, “அவ வர்றான்னா நானும் வருவேன். அவ காலுக்கு நான்தான் பொறுப்பு,” என்றான்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், முனிர்கா மாடியில், கூலர் இரைச்சலுக்கு நடுவில் அந்த ஆட்டம் நடந்தது. பார்வையாளர் யாரும் இல்லை. புள்ளி எண்ணவில்லை. நடுவர் கிடையாது, எவாஞ்சலின் ஓரத்தில் நின்று நேரம் மட்டும் பார்த்தாள். ஜெரால்டு மகளோடு வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

ஜ்யோத்ஸ்னா இப்போது பக்கவாட்டில் அவ்வளவு திரும்பி நிற்கவில்லை. அதனால் அவளுடைய முன்கால் உதையின் வேகம் குறைந்திருந்தது. ரெமியின் முதல் தொடை உதைக்கு முழங்காலைத் தூக்கினாள். எலும்பும் எலும்பும் மோதிய சத்தத்தில் இருவரும் முகத்தைச் சுளித்துப் பின்வாங்கினார்கள். ரெமியும் மாறியிருந்தாள். ஜ்யோத்ஸ்னாவிடம் வாங்கிய தலையடிகளை நினைவில் வைத்துக் கைகளை உயர்த்தியே வைத்திருந்தாள். மூன்றாவது சுற்றில் ஜ்யோத்ஸ்னாவின் கால் கனத்துவிட்டது. ஆனால் அடி வாங்கிய கால் எப்படி இருக்கும் என்று இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது; எடையைப் பின்காலுக்கு மாற்றி, ரெமியின் வயிற்றில் பாதத்தை வைத்துத் தள்ளித் தள்ளி விலக்கினாள். அது அவள் பிரதீப்பிடம் கற்றதல்ல. நேரம் முடிந்தது என்று எவாஞ்சலின் கைதட்டினாள். இருவரும் நின்றபடியே இருந்தார்கள்.

மாவியா, ரெமிதான் ஜெயித்தாள் என்றார். பிரதீப், சந்தேகமே இல்லை, ஜ்யோத்ஸ்னா என்றான். ஜெரால்டு தன்னைக் கேட்காமலே, இரண்டு பேரும் உதைத்த காலைத் திருப்பி எடுக்கத் தெரியாதவர்கள் என்றார். அதன்பின் மூன்று ஆண்களும் ஆளுக்கொரு பக்கம் காலைத் தூக்கிக் காட்டி வாதாடிக்கொண்டிருக்க, ரெமியும் ஜ்யோத்ஸ்னாவும் தொடையில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து, கடையிலிருந்து வந்த மோமோவைப் பங்கு போட்டார்கள்.

கிளம்பும்போது பிரதீப் எவாஞ்சலினிடம் வந்தான்.

“அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

“நீ கேட்ட கேள்வி சரிதான். நின்னதுக்கு நான்தான் பதில் சொல்லணும்.”

“ஆனா நிறுத்தினது சீக்கிரம்தான் எவா. நான் இப்பவும் சொல்லுவேன்.”

“சொல்லு.”

அடுத்த வருடம் அந்த ஓபன் போட்டியின் விதிகளில், காலில் அடி வாங்கித் தடுமாறுகிறவருக்கு எட்டு எண்ண வேண்டும் என்ற வரி சேர்ந்தது. எவாஞ்சலினை அந்த வருடமும் அழைக்கவில்லை. அதற்கடுத்த வருடம் அழைத்தார்கள். போனாள். எந்த ஜிம்மில் யாரோடு பயிற்சி செய்கிறாள் என்பதைக் காலையிலேயே எல்லா கோச்சுகளிடமும் சொல்லிவிட்டாள். மாவியாவின் ஆட்கள் ஆடும் நேரம் வந்தபோது, நடுவர் தட்டுப்பாடு என்று சேஷன் மறுபடி கையைப் பிசைந்துகொண்டு வந்தார். எவாஞ்சலின் விசிலைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, ஜெரால்டையும் கூட்டிக்கொண்டு வெளியே டீ குடிக்கப் போனாள்.